பெறுபேறு வரும் முன்பே

சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாள் முடிந்த கையோடு மட்டக்களப்பு நகரத்து மதில்களில் உயர்தர ரியூசன் சுவரொட்டிகள் ஏறிவிடும். பயோ, மத்ஸ், கொமர்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். வகுப்புகளும் உடனே தொடங்கிவிடும். பெறுபேறு வர இன்னும் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குள் பிள்ளை எந்த வகுப்பின் வாங்கில் போய் இருந்ததோ அதுவே அதன் பிரிவாகிவிடுகிறது. பெறுபேற்றுத் தாளோடு பெற்றோர் என்னிடம் வந்து "டீச்சர், இவனுக்கு எது பொருத்தம்?" என்று கேட்கும்போது, பெரும்பாலும் முடிவும் எடுத்தாயிற்று, காசும் கட்டியாயிற்று.

2009 முதல் நான் பாடசாலையில் வழிகாட்டல், ஆலோசனை பார்க்கும் ஆசிரியை. முதல் ஒன்பது வருடம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில். அதன் பிறகு கிழக்கே எழுவான்கரையில். வாவியின் இரண்டு கரையிலும் பிள்ளைகள் ஒரே பாடத்திட்டத்தைத்தான் படிக்கிறார்கள், ஒரே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எழுவான்கரையில் ஒரு தகப்பன் "எந்தப் பிரிவு?" என்று கேட்பார். படுவான்கரையில் அதே தகப்பன் "எந்தப் பள்ளிக்கூடத்தில என்ன இருக்கு?" என்று கேட்பார். எல்லாப் பாடசாலையிலும் உயர்தரம் இல்லை. உயர்தரம் உள்ள எல்லாவற்றிலும் விஞ்ஞானம் இல்லை. விஞ்ஞானம் இருக்கும் இடத்திலும் இரசாயனவியலுக்கு ஆள் இல்லாத வருடங்கள் உண்டு. அதனால் கலைப்பிரிவு பல பிள்ளைகளுக்குத் தெரிவாக அமைவதில்லை; கிட்ட இருக்கிறது என்பதற்காகப் போய் விழுகிறார்கள். கலைப்பிரிவை விரும்பி எடுத்த பிள்ளைக்கும் அதில் விழுந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் முதல் தவணையிலேயே முகத்தில் தெரியும்.

ஒரு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை. தாய் வெளிநாட்டில்; வளர்த்தது அம்மம்மா. 2014 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினாள். விஞ்ஞானத்தில் ஏ, விவசாயத்தில் ஏ, கணிதத்தில் பி. பெறுபேறு வந்ததும் நானே வீடு தேடிப் போய், "இவளை பயோ படிக்க விடுங்கோ" என்று அம்மம்மாவிடம் கெஞ்சினேன். படுவான்கரைப் பிள்ளை ஒன்று மருத்துவபீடம் போக வேண்டும் என்ற ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது. அம்மம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "பாதையில போய் வாற புள்ளைக்கு ரியூசன் எப்பிடி, டீச்சர்?"

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் பாதைதான். காலையில் அதில் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்துப் பாடசாலை. பின்னேரம் வகுப்பு முடிவதற்குள் பாதி பாடத்தில் எழும்பி ஓட்டம். அம்மம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில், "கெட்டிக்காரி, சமாளிப்பாள்" என்பது. அது பதிலே அல்ல. அவள் பயோ எடுத்து இரண்டு தடவை உயர்தரம் எழுதினாள். இரண்டு தடவையும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை.

என் பிழை எங்கே என்று பிறகு விளங்கியது. 2013இலேயே தொழில்நுட்பப் பிரிவு வந்துவிட்டது. அதில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று ஒரு பாடம்: பயிர், கால்நடை, உணவு, மண், நீர் எல்லாம் அதற்குள். அம்மம்மாவின் வளவில் கத்தரிக்கும் பயற்றைக்கும் தானே பாத்தி கட்டி, எந்தப் பூச்சி எப்போது வரும் என்று கொப்பியில் எழுதி வைத்த பிள்ளை அவள். அந்தக் கொப்பியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பார்த்தும், புதிய பிரிவு பயோவுக்குக் கீழே என்ற நினைப்பில் அதை வாயே திறந்து சொல்லவில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு அவள் தானாகவே விவசாய டிப்ளோமா படித்து, இப்போது அந்தத் துறையில் வேலை செய்கிறாள். வழியில் கண்டால் நின்று கதைப்பாள். போன வருடங்களைப் பற்றி அவள் பேசுவதில்லை. எனக்கு மறக்கவில்லை.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றிய நம்பிக்கை ஒன்று இங்கே பலமாக உண்டு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது பொதுவான கணக்கு. பின்தங்கிய 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. "கொழும்பைவிட எங்களுக்கு இசட் புள்ளி குறையத்தானே வேணும்" என்று பெற்றோர் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைப் பற்றிச் சொல்லும்போது அது பொய்யில்லை. ஆனால் மட்டக்களப்பு மேற்கு வலயத்துப் பிள்ளை போட்டி போடுவது கொழும்போடு மட்டுமல்ல. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, கல்லடிச் சிவானந்தா, வின்சன்ட் என்று நகரத்துப் பாடசாலைகளின் பிள்ளைகளும் அதே மாவட்டப் பட்டியலில்தான் நிற்கிறார்கள். பட்டியலுக்கு மாவட்டம் தெரியும், வாவி தெரியாது. இதை நான் இப்போது கரும்பலகையில் கோடு போட்டே காட்டுகிறேன்.

2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வி என்று தொழிற்பிரிவு வந்தது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையில் தொடர்ந்து இருந்து, என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமையில் நாலாம் மட்டம் வரை போகலாம். இதை ஒரு மீன்பிடிக்கும் அண்ணனுக்கு விளக்கினேன். அவர் கேட்டார்: "தொழில்தான் படிக்கிறதெண்டா நான் தோணியிலயே படிப்பிச்சிருப்பனே, டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு ஏன் அனுப்பினன்?" அந்தக் கேள்வியில் பதினொரு வருடச் செலவும் ஆசையும் இருந்தன. நாலாம் மட்டத்துக்கு மேலே ஐந்து, ஆறு டிப்ளோமா என்றும், ஏழாம் மட்டம் பட்டம் என்றும், அதற்கென்றே இரத்மலானையில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்றும் ஒரு தாளில் ஏணி மாதிரிக் கீறிக் கொடுத்தேன். அவர் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இப்படியான பேச்சு ஒரு நாளில் முடியாது. முடிய வேண்டும் என்று அவசரப்பட்டால் அந்தத் தகப்பன் திரும்பி வரமாட்டார்.

பெண் பிள்ளைகளின் விசயத்தில் இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதியில் வீடு மகளுக்குச் சீதனம். ரியூசனுக்குப் போகும் காசும் அத்திவாரக் கல்லுக்குப் போகும் காசும் ஒரே பையிலிருந்துதான். மகளுக்கு நாலு வருடப் படிப்பைச் சொல்லும் ஆலோசகர் அந்த வீட்டின் கணக்கையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் சொன்ன ஆலோசனை வாசலோடு நின்றுவிடும்.

இந்த வேலையில் நான் செய்த பெரிய மாற்றம், பதினோராம் தரத்தை விட்டு ஒன்பதாம் தரத்துக்கு இறங்கியதுதான். சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம். ஆறு கட்டாயம், மூன்று தொகுதிப் பாடம். பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடம் எடுக்கும்போதே கதவுகள் அசையத் தொடங்கிவிடும். கணிதம் அதைவிட முன்னாலே. உயர்தரத்துக்கு வழமையாகக் கேட்பது தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு சித்தி, அதில் மூன்று சி. "நான் ஆர்ட்ஸ்தானே, கணக்கு எதுக்கு?" என்று ஒன்பதாம் தரத்துப் பிள்ளை சொன்னால் விபுலானந்த அடிகளைச் சொல்வேன். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற காரைதீவு மனிதர். நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்கால் அளந்துதான் யாழ் நூலை எழுதினார். அது 1947இல் வெளிவந்தது. சிலையாக மட்டும் அவரைப் பார்த்த பிள்ளைகள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு தாள் கொடுப்பேன். நேற்று எழும்பியது முதல் படுத்தது வரை என்ன செய்தாய் என்று எழுதச் சொல்வேன். எதிர்காலத்தில் என்ன ஆவாய் என்று கேட்டால் எல்லாரும் டொக்டர், எஞ்சினியர். நேற்றைய நாளில்தான் பிள்ளை இருக்கும்.

போன வருடம் ஒருவன் எழுதினான்: காலையில் அப்பப்பாவோடு வலை பார்த்தது, எந்த இடத்தில் இறால் குறைந்தது, மழைக்குப் பிறகு தண்ணீர் எப்படி நிறம் மாறியது. ஒரு பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தான். தொகுதிப் பாடங்களில் நீருயிரின வளத் தொழினுட்பவியல் என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். அவனுக்கு அப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாது. எங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம்.

தொகுதிப் பாடப் படிவத்தில் கையெழுத்து வைக்க அவனுடைய அம்மம்மா வந்தா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மறுகா இவன் என்னவா வருவான்?" என்றா. நான் அவன் கணிதக் கொப்பியை எடுத்து, சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தை விரித்து வைத்தேன். அடுத்த தவணைக்குள் இதைச் சரிப்படுத்த வேண்டும் என்றேன். அவனிடம் பென்சிலைக் கொடுத்து, அந்த முதல் கணக்கை என் முன்னாலேயே செய்யச் சொன்னேன்.