கடல்வழிக் குறிப்புகள் – 7: பில் கேட்காத தீவு

எங்கள் பாய்மரப் படகில் போரா போராவிலிருந்து கிளம்பிய பிறகு வழியில் எழுதும்படியாக எதுவும் நடக்கவில்லை. காற்று பின்னாலிருந்து சீராக வீசியது. நானும் கணவரும் முறைவைத்துத் தூங்கினோம். ஒரு விடியற்காலையில் தென்னை மரங்களின் தலைகள் மட்டும் கடலுக்கு மேலே தெரிந்தன. பாமர்ஸ்டன் தீவு.

குக் தீவுகளைச் சேர்ந்தது. தலைநகர் இருக்கும் ரரோடோங்கா இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. சரக்குக் கப்பல் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் உண்டு. மொத்த ஜனத்தையும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிடலாம். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர்: மார்ஸ்டர்ஸ்.

ரேடியோவில் நாங்கள் பேசி முடிப்பதற்குள் அலுமினியப் படகு ஒன்று எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. முதலில் வந்த பெரியவர் கையை உயர்த்திக் காட்டியதும், பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். விருந்தாளியின் படகை எந்தக் குடும்பம் முதலில் எட்டுகிறதோ, கிளம்பும்வரை விருந்தாளியின் சாப்பாடும் போக்குவரத்தும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. இதுதான் இங்கே வழக்கம். பெரியவரை அன்று முதல் 'அங்கிள்' என்றே கூப்பிட்டோம்.

தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம். அதற்கு வெளியே மேற்குப் பக்கத்தில் மிதவைகள் போட்டிருக்கிறார்கள். படகை அதில்தான் கட்ட வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் படகைப் பாறை மீது அடித்துவிடும் என்பதால் தினமும் காலையில் அங்கிள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். பாறை இடுக்கு வழியாகப் படகை அவர் திருப்பிய விதத்தைப் பார்த்தபோது, எங்களுடைய டிங்கியில் (கரைக்குப் போகும் சிறு படகில்) தனியாக இறங்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னது நியாயம் என்று பட்டது.

கேப்டன் குக் 1774இல் இந்தத் தீவைக் கண்டார், 1777இல் கரையிறங்கினார். அப்போது இங்கே யாரும் குடியிருக்கவில்லை. 1863இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் தொங்காரேவா தீவுப் பெண்களை மணந்து இங்கே குடியேறினார். மனைவியர் மூவர், நிலத்தையும் அவர்கள் வழிவந்த மூன்று கிளைகளுக்குப் பங்கிட்டார். ஒரே கிளைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக்கூடாது என்று விதியும் வைத்தார். 1899இல் இறந்தார். உடைந்த கப்பல்களின் தடித்த மரங்களைக் கொண்டு கட்டிய அவருடைய வீடு இன்னமும் நிற்கிறது. பக்கத்திலேயே கல்லறை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மரத்தடியில் நீள மேஜை. வறுத்த கிளிமீன், சோறு, கோழி, எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் ஊற்றி ஊறவைத்த பச்சை மீன். பச்சை மீனா என்று தயங்கினேன். ஒரு வாய் எடுத்த பிறகு தயக்கம் போய்விட்டது. கவிச்சி துளியும் இல்லை. அடுத்து அங்கிளின் மனைவி முளைவிட்ட தேங்காயைப் பிளந்தார். உள்ளே நம்மூர்ச் சாலையோரங்களில் விற்கிற அதே தேங்காய்ப்பூ! அதைத் துருவி, மாவில் கலந்து, கல்லில் தட்டையாக ஊற்றி இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு போல. நான் மூன்றாவதுக்குக் கை நீட்டுமுன் அவரே தட்டில் போட்டார். "வீட்டில் இருக்கிற மாதிரி இருங்கள், கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை" என்றார்.

வீட்டைச் சுற்றிய வெள்ளை மணலில் ஒரு சருகு கிடையாது. காலையில் பெருக்கிவிடுகிறார்கள். தண்ணீர் முழுக்க மழைத் தண்ணீர்; கூரையிலிருந்து தொட்டிக்கு வருகிறது. கை கழுவும்போது எல்லோரும் குழாயை நூல் அளவே திறந்ததைக் கவனித்தேன். எங்களை யாரும் எச்சரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, மீன்பிடிப்பும் கிடையாது. பெண்கள் தொப்பி அணிந்து தேவாலயத்துக்குப் போனார்கள். எனக்கும் ஒரு தொப்பி தயாராக இருந்தது. இத்தனை சிறிய கூட்டம், இத்தனை பெரிய குரலில் பாடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அரசாங்கக் கட்டணத்தைக் கட்டினோம், ரசீது கிடைத்தது. வீட்டில் கொடுக்க முயன்ற பணத்தை அங்கிள் தொடவே இல்லை. போரா போராவில் ஒரு உணவகத்தில் நாங்கள் கேட்காத தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். அதைப் பற்றிப் போன பகுதியில் பொங்கி எழுதியிருந்தேன். இங்கே கணக்கு வேறு மாதிரி. கிளிமீனை வெட்டி உறையவைத்து, கப்பல் வரும்போது ரரோடோங்காவுக்கு அனுப்புவதுதான் இவர்களின் முக்கிய வருமானம். அங்கிளின் இரண்டு ஃப்ரீசர்களில் ஒன்று ஓடவில்லை. கணவர் பின்பக்கத்தைக் கழற்றி, உப்புக்காற்றில் அரித்துப்போன ஒயரை வெட்டி மாற்றினார். அது மறுபடி உறுமத் தொடங்கியதும் அங்கிள் எதுவும் பேசாமல் அவர் தோளைத் தட்டினார். கணவர் அதைக் கூலிக்குச் செய்யவில்லை. இவர்கள் சோற்றையும் விலைக்குப் போடவில்லை. தேவைப்பட்டதை ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற இந்த ஏற்பாடு, நான் பார்த்த எந்த ஹோட்டல் உபசரிப்பையும் விட மரியாதையானது.

இந்த வழியாகப் படகில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாமர்ஸ்டனில் இலவசச் சாப்பாடு கிடைக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். புறப்படுமுன் என்ன வேண்டும் என்று விசாரியுங்கள். மாவு, சர்க்கரை, பெட்ரோல், கயிறு, ஒயர், தூண்டில் முள் எதுவானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

(அடுத்த பகுதி: நியுவே)