படுக்கையில் விழிக்கும் கவலை



மந்தாரக்குப்பத்தில் பல குடும்பங்களின் இரவுகள் ஷிப்டு நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன. என் கணவர் இரவுப் பணிக்குச் செல்லும் வாரங்களில், பிள்ளைகள் உறங்கிய பின் என் கவலைகள் விழித்துக்கொள்ளும். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மரணித்த பிறகு அது மேலும் கூடியது. படுத்தவுடன் நெஞ்சு படபடக்கும். கைப்பேசி ஒலித்துவிடுமோ என்று காது அதிலேயே இருக்கும்.

“ஈமான் உறுதியாக இருந்தால் கவலை ஏன் வருகிறது?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். எனவே கவலை ஈமானின் குறையன்று. பாதுகாப்புத் தேட வேண்டிய ஒரு துன்பம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல்நலத்தோடு மனநலத்தையும் இணைத்து ஒரு மருத்துவ நூல் எழுதினார்.

பகலில் வேலைகள் மனத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. படுக்கையில் அந்தப் பிடி தளர்கிறது. பல இரவுகள் புரண்டு கிடந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் பழகிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 20 நிமிடங்களில் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்து, கண் சொக்கும்போது திரும்புமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். நான் அந்நேரத்தில் திக்ரு செய்கிறேன். மனத்தை அரிப்பவற்றை மஃரிபுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுகிறேன். எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஃபஜ்ருக்கு எழுவது மறுநாள் உறக்கத்தையும் சீராக்குகிறது.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சைத் தவிர்ப்பது, உளூச் செய்து வலப்பக்கம் சாய்ந்து படுப்பது ஆகியவை நபிவழி. மாவரைத்துக் கைகள் காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டபோது, படுக்கைக்குச் செல்கையில் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதுமாறு நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். விரல்விட்டு எண்ணும்போது மனத்தின் ஓட்டமும் மெல்லத் தணிகிறது.

இவற்றுக்குப் பின்னும் உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் இரவிலும் இலவசமாகப் பேசலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சிகிச்சையும் அந்தக் கயிறுதான்.

உறங்காத கண்கள் யாவற்றுக்கும் அல்லாஹ் அமைதியை அருள்வானாக. ஆமீன்.