ஈர்ப்பை அளக்க ஒரு சுருள்வில்
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

நாமக்கல்லுக்கு அருகே எங்கள் காட்டில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன. ஒன்று 620 அடி. மற்றது 850 அடி. இரண்டும் புழுதியைத் தவிர வேறொன்றும் தந்ததில்லை. முதலாவதற்கு இடம் காட்டியது உள்ளங்கையில் எழுந்து நின்ற தேங்காய், இரண்டாவதற்கு வேப்பங்குச்சி. மூன்றாவதற்காக அப்பா மீண்டும் கடன் கேட்டு அலைந்த வேளையில்தான், இயற்பியல் படிக்கும் மகன் வீட்டில் இருந்தும் இடம் பார்ப்பது தேங்காய்தானா என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரையில் வரும் கருவி.

அடியில் கனத்த பாறை இருந்தால் அவ்விடத்தில் புவியீர்ப்பு ஒரு துளி கூடும். இலேசான மண் ஆழமாகக் கிடந்தால் குறையும். ஹங்கேரி நாட்டு அறிஞர் எட்வெஷ், 1901இல் உறைந்து கிடந்த பாலட்டன் ஏரியின் பனிக்கட்டி மீது தம் முறுக்குத் தராசை வைத்து இதை அளந்தார். அவ்வகைத் தராசு 1924இல் டெக்சாசில் மண்ணுக்குள் மறைந்திருந்த நாஷ் உப்புக் குன்றைக் காட்டிக்கொடுத்தது. நம் நாட்டில் 1865 முதல் கேப்டன் பாசெவி என்பவர் ஊசல்களைச் சுமந்து ஊர் ஊராய் அளந்தார். 1871இல் லடாக்கில் அப்பணியிலேயே உயிர் நீத்தார். கருவியைச் சுமப்பது என்ன பாடு என்பதை நம் கல்லூரி மாடிப்படிகளில் நானும் சிறிது அறிந்தேன்.

அந்த ‘ஒரு துளி’ எவ்வளவு என்று கேட்பீர்கள். 6 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் உள்ள வறண்ட கிணற்றின் குறுக்கே பலகை போட்டு அதன் நடுவில் நின்றால், ஈர்ப்பு ஏறத்தாழ கால் மில்லிகால் குறையும். அதாவது, 60 கிலோ எடையுள்ள ஆள் 15 மில்லிகிராம் இளைப்பார். ஓர் அரிசிமணியின் எடைகூட இல்லை!

இதைச் சாதாரணச் சுருள்வில்லால் பிடிக்க இயலாது. வழி காட்டியவர் நம்மைப் போன்ற ஒரு மாணவரே. 1930களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த லூசியன் லகோஸ்ட், தம் ஆசிரியர் ரோம்பர்க் கொடுத்த நிலநடுக்கமானிக் கணக்கொன்றைப் போடும்போது ‘சுழிநீள வில்’லைக் கண்டார். இழுவிசை தன் முழு நீளத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்குமாறு, சுற்றும்போதே கம்பியை முறுக்கிச் செய்த வில் அது. அதைச் சாய்வாகப் பூட்டி ஒரு கிடைச்சட்டத்தைத் தாங்கவிட்டால், சட்டம் மிக மெதுவாக ஆடும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நுட்பம். பின்னாளில் குருவும் சீடரும் சேர்ந்து 1939இல் ஈர்ப்புமானி செய்யும் நிறுவனமே தொடங்கினார்கள்.

கைத்துளைப்பானில் எஃகுக் கம்பியைப் பூட்டி நான் பன்னிரண்டு வில்கள் சுற்றினேன், ஒன்று தேறியது. கால் மீட்டர் அலுமினியச் சட்டம், அதன் அச்சருகே சிறு கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பி 3 மீட்டர் தொலைவில் உள்ள அளவுகோலில் விழும் லேசர் புள்ளி. அலைவு நேரம் 6 வினாடி வரை வந்தது. ஒரு மில்லிகாலுக்குச் சட்டத்தின் முனை 9 மைக்ரான் நகர வேண்டும்.

உண்மையான பகைவன் வெப்பம். ஒரு பாகை ஏறினால் எஃகு வில் தளர்வது 250 மில்லிகால் ஈர்ப்பு கூடியதற்குச் சமம். கிணற்றின் கால் மில்லிகாலுக்கு முன் இது ஆயிரம் மடங்கு! என்னதான் தெர்மக்கோல் சுற்றினாலும் நம் ஊர் மே மாதம் விடுமா? கடைசியில் கைகொடுத்தது பள்ளிப் பாடம்: உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை மாறாது. கருவியைக் காற்றுப்புகாத எண்ணெய் டின்னில் அடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு, டின்னைச் சுற்றி ஐஸை நிரப்பினேன். ஐஸ் கடைக்காரர் வீட்டில் திருமணமா என்று இருமுறை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் சோதனை. தரைத்தள ஆய்வகத்துக்கும் மாடிப்படி உச்சி அறைக்கும் 10 மீட்டர் உயரம். மேலே ஈர்ப்பு 3 மில்லிகால் குறைய வேண்டும். புள்ளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர வேண்டும். ரசமட்டம் பார்த்து, சட்டத்தின் பூட்டை அவிழ்த்து, மூச்சை அடக்கி ஒன்பது முறை அளந்தேன். ஆறு முறை எதிர்பார்த்த பக்கமே நகர்ந்தது. “நாணயம் சுண்டினாலும் ஒன்பதில் ஆறு பூ விழும்” என்றார் பேராசிரியர். அவர் சொன்னது சரிதான். முப்பது முறையாவது அளந்தால்தான் பேச முடியும்.

இதற்கிடையில் அப்பா விடுதிக்கு வந்தார். டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இந்தப் பொட்டி தண்ணியிருக்கிற எடத்தச் சொல்லுமா, சாமி?”

“தண்ணியச் சொல்லாதுங்கப்பா. பாறை எங்க ஆழமா எறங்குது, மேல மக்கின கல்லு எவ்வளவு இருக்குதுன்னு சொல்லலாம். அதுக்கும் இன்னும் பத்து மடங்கு நுட்பம் வேணும்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். “தேங்காய்க்காரரு இப்படி ஒரு நாளும் சொன்னதில்ல” என்றார். 20 மீட்டர் கனத்துக்கு மக்கிய பாறை கிடந்தால் வித்தியாசம் 0.4 மில்லிகால்தான் என்பதையும், நீர் ஓடும் மெல்லிய வெடிப்பு ஈர்ப்பில் தெரியவே தெரியாது என்பதையும் தாளில் போட்டுக் காட்டினேன். வெடிப்பைத் தேட நிலத்தில் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கும் முறையே தகும். அதைச் செய்து பார்க்கும்வரை ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டு பேருந்து ஏறினார்.

2022இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் குளிர்வித்த அணுக்களைக் கொண்டு மண்ணுக்கடியில் இருந்த சுரங்கவழியைக் கண்டார்கள். நம்மிடம் இருப்பது எண்ணெய் டின். அது இப்போது இயற்பியல் ஆய்வகத்தின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தொடர விரும்பும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் ஆய்வக உதவியாளரிடம் சாவி கேட்டு வாங்கலாம். வில்லைச் சுமையோடு தொங்கவிட்டே வைத்திருக்கிறேன். கழற்றிவிடாதீர்கள், மறுபடி நிலைப்பட மூன்று வாரமாகும்.