ஒரு கோடைக்கு ஒரு கேள்வி

அன்புள்ள சகோதரிக்கு,

மதுரையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கோடை விடுமுறையில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யக் கல்லூரியே பணம் தருகிறது, விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள். அதற்குப் பதில் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போகட்டுமே என்பது உங்கள் எண்ணம். இந்தப் பணம் நாளைக்குக் கடனாக வந்து நிற்குமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இது கடன் இல்லை. இங்குள்ள தனியார் கல்லூரிகளுக்குப் பழைய மாணவர்கள் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதன் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் சிலருக்கு ஃபெல்லோஷிப் கிடைக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு மாணவரான மார்ட்டின் டேல் பெயரில் ஒன்று இருக்கிறது. அது இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒரு கோடையையும், பட்டம் பெற்று வெளியேறுகிறவருக்கு ஓர் ஆண்டையும் தருகிறது. கேத்ரின் டேவிஸ் என்ற கொடையாளர் 2007இல் தம் நூறாவது பிறந்த நாளை ஒட்டிப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அமைதிக்கான நூறு மாணவர் திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. 1968இல் தொடங்கிய வாட்சன் ஃபெல்லோஷிப் ஓர் அறக்கட்டளையின் பணம். குறிப்பிட்ட சில கல்லூரிகள்தான் அதற்குத் தம் இறுதியாண்டு மாணவர்களைப் பரிந்துரைக்க முடியும். அதில் தேர்வானவர் பன்னிரண்டு மாதம் அமெரிக்க மண்ணை மிதிக்கக் கூடாது! உலகைச் சுற்றித் தன் கேள்வியைத் துரத்த வேண்டும். எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் தடையில்லை.

நம் நாட்டில் கோடை ஆய்வு உதவித்தொகை என்றால் பெரும்பாலும் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் போய்ச் சேர்வதுதான். அதுவும் நல்ல பயிற்சியே. உங்கள் மகள் கேட்பது வேறு வகை. இதில் கேள்வியே மாணவருடையதாக இருக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடத் தடுமாறும் இடம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியே வளர்ந்தவர்களிடம் ‘உனக்கு என்ன தெரிய வேண்டும்’ என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். திகைப்பில் பெரிய தலைப்பாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘அமெரிக்க நதிகளும் சூழலியலும்’ என்று ஒரு விண்ணப்பம் வந்தால் குழுவில் யாருக்கும் மனம் அசையாது. மெயின் மாநிலத்தில் அகஸ்டா என்று ஓர் ஊர். அங்கே கென்னெபெக் ஆற்றின் குறுக்கே 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணையை 1999இல் உடைத்தார்கள். உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லியும், உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து மத்திய ஆணையம் அகற்றச் சொன்ன முதல் அணை அது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் மீன்கள் மறுபடி வந்தன. அணை இருந்த காலத்து ஆற்றையும் இப்போதைய ஆற்றையும் பார்த்த முதியவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோடை முழுக்கப் பேசி ஒலிப்பதிவு செய்து, ஊர் நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு பெண் எழுதினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஊர் ஒன்று, ஆறு ஒன்று, எட்டு வாரம், கடைசியில் கையில் ஒரு பொருள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் நீ என்ற இரண்டுக்கும் அவள் விடை சொல்லிவிட்டால் போதும்.

மனிதர்களிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழுவை முன்கூட்டியே கேட்க வேண்டும். டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களுக்கு மருத்துவ ஆய்வு என்ற பெயரில் இழைக்கப்பட்ட கொடுமை 1972இல் வெளிவந்த பிறகு, 1974இல் வந்த சட்டத்தால் உறுதிப்பட்ட ஏற்பாடு இது. வாய்மொழி வரலாற்றுக்கு அனுமதி தேவையில்லை என்றே அவர்கள் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பட்ஜெட் பக்கத்துக்கு வருகிறேன். நான் முதலில் படிப்பது அதைத்தான். அறை வாடகை, சாப்பாடு, பஸ், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் விசாரித்த விலையோடு வரிசையாக இருந்தால், இவள் உண்மையிலேயே போகப் போகிறாள் என்று தெரிந்துவிடும். வருத்தம் என்னவென்றால், பணம் கேட்பதே கேவலம் என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டுச் செலவை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். தயவுசெய்து மகளிடம் சொல்லுங்கள், முழுச் செலவையும் கேட்கட்டும். உதவித்தொகையில் படிக்கிறாள் என்றால், கோடையில் அவள் இவ்வளவு சம்பாதித்துக் கட்டணத்துக்குத் தருவாள் என்று கல்லூரி கணக்கில் ஒரு தொகை வைத்திருக்கக்கூடும். அதை ஈடுகட்ட வழி உண்டா என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு இந்தத் தொகையில் பொதுவாக 14 விழுக்காடு வரி பிடிப்பார்கள். 5,000 டாலர் என்றால் கைக்கு 4,300தான் வரும். இந்திய மாணவருக்கு வரி உடன்படிக்கைப்படி நிலையான கழிவு உண்டு. மறு ஆண்டு கணக்குத் தாக்கல் செய்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாடகை ஜூன் மாதமே கொடுத்தாக வேண்டும்.

இன்டர்ன்ஷிப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டுக் கோடையில் வேலைக்கு வழி திறக்கும் இடம் கிடைத்தால் அதற்குப் போகட்டும். இரண்டாம் ஆண்டுக் கோடை இந்த ஆய்வுக்கு ஏற்றது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்று இங்கே நிறைய இருக்கிறது. நியூயார்க்கில் தங்க வீடும் செலவுக்கு அப்பா பணமும் இருக்கிற பிள்ளைதான் அதை எடுக்க முடியும். வசதியில்லாத பிள்ளைக்கும் ஒரு கோடை முழுக்க யோசிக்கும் உரிமை இருக்கட்டும் என்றுதான் இந்த ஃபெல்லோஷிப்களை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே பிள்ளைகள்தான், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்தான், ‘இதெல்லாம் நமக்கில்லை’ என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்கியவர்களை வகுப்பில் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. உங்கள் மகள் தானாகவே முன்வந்திருக்கிறாள். தடுக்காதீர்கள்.

நினைத்தது நடக்காவிட்டால்? பேட்டிக்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், திட்டம் பாதியில் திசை மாறலாம். அதையெல்லாம் அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் போதும். நேர்மையாக உழைத்தவரிடம் முடிவு சரியில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

பல கல்லூரிகளில் கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச்சில் வரும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரை மூன்று வாரம் முன்னதாகவே பார்த்து, வரைவையும் கையில் கொடுக்கட்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் விசா நிலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். பட்ஜெட் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாசசூசெட்ஸிலிருந்து உங்கள் சகோதரன்