மலிவான கோந்து

பழைய காகிதக் கவரின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தும்போது வரும் லேசான இனிப்பு, அதன் பின்னாலேயே எழும் பிசின் வாடை, இரண்டும் சேர்ந்தால் எனக்கு ஒரு சாவு நினைவுக்கு வரும், அதுவும் சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட சாவு. 1996 மே மாதம் ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ஏழாம் பருவக் கடைசிக் கதையில், ஜார்ஜ் இருப்பதிலேயே மலிவான கல்யாணப் பத்திரிகையைத் தேர்ந்தெடுக்க, கவர்களை ஒவ்வொன்றாக நக்கி ஒட்டிய மணப்பெண் சூசன் சுருண்டு விழுந்து இறந்துபோகிறாள், மட்டக் கோந்தின் நஞ்சு என்கிறார் மருத்துவர், மாப்பிள்ளை நண்பர்களோடு காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறான்.

நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் குடியிருந்தபோது மறுஒளிபரப்பில் அதைப் பார்த்தேன். பக்கத்துக் குடியிருப்பில் தனியாக வாழ்ந்த மூதாட்டி, ரேடியேட்டரின் சூட்டில் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை மிதக்கும் அறையில், மாலை நான்கு மணிக்கே மங்கிவிடும் டிசம்பர் வெளிச்சத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை நக்கி நக்கி ஒட்டுவார், கதையைச் சொன்னதும், தாகம் எடுக்குமே தவிர சாவு வராது என்று சிரித்தார்.

அவர் சொன்னது அறிவியலுக்கும் ஒத்துவருகிறது. கவர்க் கோந்து பெரும்பாலும் மாவுச்சத்தை வறுத்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின், இல்லையென்றால் வேலமர இனத்துப் பிசின், மிட்டாயிலும் குளிர்பானத்திலும் நாம் விழுங்கும் அதே பிசின்தான். எவனோ ஆர்சனிக்கையே கலந்திருந்தாலும், சுருண்டு விழுவதற்கு முன்பே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து சூசனை எழுப்பிவிட்டிருக்கும். மிஞ்சுவது ஒவ்வாமை ஒன்றுதான், அச்சிட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அந்தப் பிசினைத் தெளித்த அச்சகத் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அதற்கு அச்சகர் ஆஸ்துமா என்றே பெயர்.

அச்சகம் என்றதும் கும்பகோணத்தில் தாத்தா கம்பாசிட்டராக இருந்த பிரஸ் வந்துவிடுகிறது, எழுத்துகளைக் கழுவும் மண்ணெண்ணெய், மை, வியர்வை எல்லாம் கலந்த வாடை, கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயிலில் அவர் விரல்கள் கேஸில் துழாவித் துழாவி எழுத்துப் பொறுக்கும் வேகம். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை குவியும். கவரில் நாக்கு வைப்பது அவர் கனவிலும் நினைக்காத காரியம், சுபகாரியத்தில் எச்சில் படலாமா என்பார், ஒட்டவேண்டிய உறைக்குக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுக்கொள்வார். அதே விரலால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

அந்த எழுத்துகள் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் உருக்கி வார்த்தவை. ஈயம் அவசரப்படாது, கையிலிருந்து வாய்க்குத் துளித்துளியாகப் போய் எலும்பில் தங்கும், வயிற்றை முறுக்கும், மணிக்கட்டைத் தளர்த்தும், ஈறில் நீலக்கோடு இழுக்கும். தாத்தா சாயங்காலம் தவறாமல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவார், ஈயத்தை அது முறித்துவிடும் என்று பிரஸ்ஸில் எல்லோரும் நம்பினார்கள். இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார், வாயு என்று பாட்டி ஓமம் கொடுப்பாள்.

இப்போது பத்திரிகை கைபேசியில் வருகிறது, மணமக்களின் படத்துக்குக் கீழே நாதஸ்வரம் ஒலித்து முடிவதற்குள் அடுத்த செய்தி வந்து அதை மேலே தள்ளிவிடுகிறது, மோந்து பார்க்க ஒன்றுமில்லை. யாரையும் நோகடிக்காத பத்திரிகை என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம்தான். சூசனின் சாவு நடக்காது என்று காட்டிவிட்டால் கதை முடிந்துவிடும் என்றுதான் முன்பு எண்ணியிருந்தேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் விஷம் இருந்தது உண்மை, லாரி டேவிட் எழுதிய அந்த ‘சைன்ஃபெல்ட்’ கதையில் அது ஒரே மாலையில் மணப்பெண்ணைக் கொன்றது, பிரஸ்ஸில் அது எழுத்துக் கோர்த்தவர்களை முப்பது நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டு அரித்தது, அத்தனை மெதுவாக நடப்பதை வைத்து யாராலும் நகைச்சுவை எழுத முடியாது.