கல் சுமந்த கைகள்

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, கேட்கத்தான் தெரியும். அதிலும் ஜார்ஜ் சிஃப்ரா வாசித்த 'வண்டின் பறத்தல்' ரிக்கார்டைக் கேட்டால், 'அம்மாடி, இவருக்கு இரண்டே கைதானா!' என்று வாய் பிளந்துவிடுவேன்.

ரிம்ஸ்கி கார்ஸகாவ் என்ற ரஷ்யர் தம் இசை நாடகத்தில் முழு வாத்தியக் குழுவுக்கு எழுதிய துணுக்கு அது. சிஃப்ரா அதை ஒரே பியானோவுக்கு மாற்றிக்கொண்டார். அதுவும் எப்படி? கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகல விரித்து, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடிக்க வேண்டும். வலது, இடது என்று கைகள் மாறி மாறி மின்னலாய் ஓட வேண்டும். விரல் மட்டும் போதாது, மணிக்கட்டுதான் மூலதனம்.

அந்த மணிக்கட்டு பட்ட பாடு கொஞ்சமா? 1921-ல் புடாபெஸ்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த நோஞ்சான் பிள்ளை. அக்கா பியானோ பழகுவதைப் படுக்கையிலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டாராம். 1950-ல் ஹங்கேரியை விட்டுத் தப்ப முயன்று, குடும்பத்தோடு பிடிபட்டார். 1953 வரை சிறை. கல் சுமக்கிற வேலை. மணிக்கட்டு கெட்டுப்போயிற்று. விடுதலையானதும் விடாமல் பழகினார். பிறகு மணிக்கட்டில் தோல் பட்டை கட்டிக்கொண்டு மேடையேறினார். 1956-ல் மனைவி, மகனோடு நாட்டை விட்டு வெளியேறினார்.

'வெறும் வேக வித்தை' என்று குறை சொன்ன விமரிசகர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல் சுமந்த கையிலிருந்து பாரமே இல்லாத ஒரு வண்டு கிளம்பிப் பறக்கிறதே, அது வெறும் வித்தையா? குழந்தைகள் தூங்கிய பிறகு ஒரு தரம் கேட்டுத்தான் பாருங்களேன்!