இரவல் துணிக்குக் காவல்

"அக்கா, ஊக்கு டப்பாவை மூடாதீங்க. அது கடைசி."

தொம்மலூர் சொக்கநாதசுவாமி பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடியறை. மறுநாள் காலை 7 மணிக்கு ஒரு துணிக்கடையின் விளம்பரப் படப்பிடிப்பு. ஸ்டைலிஸ்டின் உதவியாளரான அந்தப் பெண் முந்தைய இரவே பெட்டி அடுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் கூடமாட எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பவுடரும் லிப்ஸ்டிக்கும் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அதெல்லாம் மேக்கப்காரர் பெட்டியாம். இங்கே இருந்தவை நீராவி இஸ்திரி, ஊசி, நூல்கண்டு, சின்னக் கத்தரி, துணியில் ஒட்டிய முடியை எடுக்கும் உருளை, இருபக்கமும் ஒட்டும் டேப், தோல் நிற உள்ளாடைகள், ஒரு பை நிறையக் கிளிப்புகள்.

"இத்தனை கிளிப் எதுக்கு?"

"சாம்பிள் துணி ஒரே சைஸ்ல வரும். மாடல் ஒல்லியா இருப்பாங்க. முதுகுப் பக்கம் இழுத்துக் கிளிப் போட்டா, முன்னாடி அளவெடுத்துத் தைச்ச மாதிரி நிக்கும். பின்னாடி பார்த்தா முள்ளம்பன்றிதான்!"

அடுத்து மாஸ்கிங் டேப். புதுச் செருப்பின் அடிப்பாகம் முழுக்க இதை ஒட்டிவிட்டால் நடந்த தடம் விழாது. பிறகு ஒரு மெல்லிய துப்பட்டா. உடுப்பைத் தலைவழியே மாட்டும்போது மாடலின் முகத்தை இதனால் மூடாவிட்டால் கழுத்தோரம் மேக்கப் அப்பிவிடும். விலைச்சீட்டைக் கிழிக்கவே கூடாது. உள்ளே மடித்து ஊக்குக் குத்த வேண்டும்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அழகுபடுத்தும் பெட்டி என்று நான் நினைத்ததில் பாதி, திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடு. துணி, செருப்பு, நகை எல்லாமே கடைகளிலும் டிசைனர்களிடமும் இரவலாக வாங்கி வந்தவை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். இவளுக்கோ இரவல்தான் பிழைப்பு. ஒருமுறை வெள்ளைக் குர்த்தாவில் லிப்ஸ்டிக் பட்டதற்கு மூன்று நாள் கூலி போயிற்றாம்.

அதற்காகவே ஒரு நீல நோட்டு: எந்தக் கடை, எத்தனை உருப்படி, வரும்போதே இருந்த கறை எங்கே. பக்கத்துக் கோயிலிலும் பெருமாளுக்கு வந்தவற்றைத் தமிழ்க் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லில் கொடை. இங்கே நோட்டில் கடன்.

கடைசியாக ஊக்கு. கூர்முனை விரலைக் குத்தாதபடி மூடிக்குள் அடங்கும் ஊக்குக்கு 1849-இல் அமெரிக்காவின் வால்ட்டர் ஹன்ட் காப்புரிமை பெற்றார். ஆனால் திறந்த ஊக்கு ஒன்று துணி மடிப்பில் தங்கிவிட்டால்?

"அதான் எண்ணுறேன். ராத்திரி ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாத் துணியையும் உதறிப் பார்ப்போம். நாளைக்கு யாரோ போடப்போற துணி, அக்கா."

டப்பாவின் மேல் 120 என்று எழுதி மூடினாள். பிறகு தன் துப்பட்டாவில் குத்தியிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். "இது என்னோடது. கணக்குல வராது."